நிறத்தின் மெய்ம்மையும் நகலின் நேர்மையும்

நிறம் பொருளில் உறைகிறதா, காண்பவரின் அறிவில் தோன்றுகிறதா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்துவரும் கேள்வி. ஆந்திரப் பகுதியைச் சேர்ந்தவரும் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவருமான அன்னம்பட்டர், தருக்கம் பயிலப் புகும் மாணவர்களுக்காக இயற்றிய தர்க்கசங்கிரகத்தில், கண் ஒன்றால் மட்டும் பற்றப்படும் குணமே நிறம் என்று வரையறுக்கிறார். வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம், சித்திரம் என அதை ஏழாகப் பகுத்து, அவை ஏழும் மண்ணில் உண்டு என்றும், நீரில் ஒளிராத வெண்மையும் நெருப்பில் ஒளிரும் வெண்மையும் மட்டுமே உண்டு என்றும் அவர் கூறுகிறார். கபிலம் என்பது பழுப்பு. சித்திரம் என்பது பல நிறங்கள் விரவிய தோற்றம். நியாய வைசேடிகருக்கு நிறம் ஒரு குணம். குணம் தன் திரவியத்தை விட்டுப் பிரியாமல் நிற்பது. அந்தப் பிரியாமையைச் சமவாயம் என்று அவர்கள் அழைத்தனர். ஆகவே காண்பவர் எவரும் இல்லாதபோதும் சுட்ட பானை சிவப்பாகவே இருக்கும் என்பது அவர்கள் துணிபு.

பௌத்தர் இதை இப்படியே விட்டுவிடவில்லை. வசுபந்து தம் அபிதர்மகோசத்தில் கண்ணுக்குப் புலனாவனவற்றை எண்ணும்போது, நீலம், மஞ்சள், சிவப்பு, வெண்மை என்ற நான்கோடு மேகம், புகை, தூசு, பனிமூட்டம், நிழல், வெயில், ஒளி, இருள் ஆகிய எட்டையும் சேர்த்தே கூறுகிறார். நிறத்தை அது தோன்றும் சூழலிலிருந்து முற்றிலும் பிரித்துவிட முடியாது என்ற உணர்வு அந்த வரிசையிலேயே பொதிந்திருக்கிறது எனலாம். காஞ்சிக்கு அருகில் பிறந்ததாக மரபு கூறும் திக்நாகர், நீலத்தைக் காண்பது வேறு, இது நீலம் என்று அறிந்து பெயரிடுவது வேறு என்று பிரித்து, முன்னதை மட்டுமே காட்சி என ஏற்றார். மணிமேகலையின் 29ஆம் காதையில் விரியும் அளவையியல் இவர் தொடங்கிவைத்த நெறியைச் சார்ந்தது. 7ஆம் நூற்றாண்டின் தர்மகீர்த்தியோ இன்னும் ஒரு படி மேலே சென்று, நீலமும் நீலத்தைப் பற்றிய அறிவும் எப்போதும் சேர்ந்தே கிடைப்பதால் அவ்விரண்டும் வேறுவேறு என்று கொள்ள இடமில்லை என வாதித்தார்.

இந்தப் பழைய வழக்கு இன்று அச்சகங்களிலும் திரைப்படக் கூடங்களிலும் அன்றாட வேலையாகத் திரும்பி வந்திருக்கிறது. ஒரே படம் கேமராவிலும் கணினித் திரையிலும் கைப்பேசியிலும் அச்சுத்தாளிலும் ஒரே நிறத்தோடு தோன்றும்படி செய்யும் முறைகளின் தொகுதிக்கு நிற மேலாண்மை என்று பெயர். அதைப் பொறியியல் என்று மட்டும் கருதி ஒதுக்குவது தவறு. ஒரே நிறம் என்று எதைச் சொல்வது, எதற்கு உண்மையாக இருக்கும்போது நகல் உண்மையான நகல் ஆகிறது என்ற கேள்விகளுக்கு ஒரு விடையை ஏற்றுக்கொள்ளாமல் அந்த வேலையைத் தொடங்கவே இயலாது. அந்த விடை எது, அது தகுமா என்பதை ஆராய்வதற்கு ஹைதராபாத் நகரத்தோடு தொடர்புடைய ஒரு பெரும் முயற்சி மிகப் பொருத்தமான சான்றாக அமைகிறது.

அஜந்தா குகைகள் இன்று மகாராட்டிரத்தில் உள்ளன. ஆனால் 1948 வரை அவை நிஜாமின் ஆட்சிக்கு உட்பட்ட ஹைதராபாத் அரசின் நிலத்தில் இருந்தன. வாகூர் ஆறு குதிரை லாட வடிவில் வளைந்து செல்லும் பள்ளத்தாக்கில் குடையப்பட்ட இக்குகைகளில் ஒன்பதாவதும் பத்தாவதும் பொது ஆண்டுக்கு முற்பட்டவை; முதலாவது, இரண்டாவது, பதினாறாவது, பதினேழாவது குகைகளின் புகழ்பெற்ற ஓவியங்கள் வாகாடக மன்னன் ஹரிசேனன் காலமாகிய 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், வெண்சுண்ணம், விளக்குக்கரி என அருகிலேயே கிடைத்த பொருள்களோடு, தொலைவிலிருந்து வணிகர் கொண்டுவந்த லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லின் பொடியும் அங்கே பயன்பட்டது. 1819இல் வேட்டைக்குச் சென்ற ஆங்கிலேயப் படை அதிகாரி ஜான் ஸ்மித் கண்ணில் இவை பட்ட பிறகு, இவற்றை நகலெடுக்கும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. ராபர்ட் கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துத் தீட்டிய பிரதிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் படிக மாளிகையில் எரிந்தன. பம்பாய்க் கலைப்பள்ளி மாணவர்களோடு ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் தீட்டிய பிரதிகளிலும் பல 1885இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் தீக்கு இரையாயின. பின்னர் 1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் சீமாட்டி நந்தலால் போஸ் முதலான இளம் ஓவியர்களை அழைத்துச் சென்று நகலெடுத்தபோது, ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அகமதுவும் அக்குழுவில் இருந்தார். அவர் பிற்காலத்தில் தீட்டிய பெரிய பிரதிகள் ஹைதராபாத் பொதுப்பூங்காவில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் காணக் கிடைக்கின்றன.

1914இல் நிறுவப்பட்ட ஹைதராபாத் அரசின் தொல்லியல் துறைக்கு இயக்குநராக இருந்த குலாம் யஸ்தானி, தூரிகையால் எடுக்கும் பிரதி தீட்டுபவரின் கைப்போக்கிற்கு உட்பட்டதே என்பதை உணர்ந்து, புகைப்படத்தை அடிப்படையாகக் கொண்ட வண்ண மறுபதிப்பு ஒன்றைத் திட்டமிட்டார். நிஜாம் அரசின் சார்பில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை 1930, 1933, 1946, 1955 ஆகிய ஆண்டுகளில் நான்கு பகுதிகளாக வெளியிட்டது. ஓர் இந்திய அரசு தன் எல்லைக்குள் இருந்த ஓவியச் செல்வத்தின் நிறத்தை உலகத்தார் கையில் சேர்க்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் செலவிட்ட அந்த உழைப்பு, தமிழ் வாசகர்களிடையே உரிய அளவு பேசப்படவில்லை என்றே கூற வேண்டும். அக்கால வண்ணப் புகைப்படத்தின் அடிப்படை, 1861இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் செய்துகாட்டிய மூவண்ணக் கொள்கை: ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளின் வழியே மூன்று முறை கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்து, பிறகு அம்மூன்று பதிவுகளையும் அவற்றிற்கு எதிர்நிறங்களான சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டால் நிறங்கள் மீண்டும் உருவாகின்றன. அதாவது நிறம் ஒருமுறை முற்றிலும் நிறமற்ற சாம்பல் அளவுகளாக மாறி, மறுகரையில் வேறு பொருள்களால் மீண்டும் கட்டப்படுகிறது. சுவரில் இருந்த நிறம் தாளுக்குப் பயணம் செய்யவில்லை. பயணம் செய்தவை அளவுகள் மட்டுமே.

இங்குதான் கேள்வி கூர்மையடைகிறது. யஸ்தானியின் மறுபதிப்பு எதற்கு உண்மையாக இருக்க வேண்டும்? 5ஆம் நூற்றாண்டில் தீட்டி முடித்த அன்று இருந்த நிறத்துக்கு என்றால், அதைக் கண்ட கண்கள் எவையும் இல்லை. படம் எடுத்த நாளில் சுவர் இருந்த நிலைக்கு என்றால், அந்தச் சுவரும் தூய சுவர் அன்று. ஏனெனில் முன்னர் நகலெடுத்தவர்கள் நிறங்கள் பளிச்சென்று தெரிவதற்காக அதன்மேல் வார்னிஷ் பூசியிருந்தனர், அதற்கு மேல் 1920 முதல் 1922 வரை நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து வரவழைத்த செக்கோனி, ஓர்சினி என்ற பாதுகாப்பு வல்லுநர்கள் உதிரும் வண்ணங்களை நிலைநிறுத்த அரக்குக் கலவை பூசியிருந்தனர். அந்தப் பூச்சு ஓவியங்களை உதிராமல் காத்தது. ஆனால் காலப்போக்கில் மஞ்சளாகி, பழுப்பாகி, நீலத்தையும் பச்சையையும் மங்கவைத்தது. பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் அதைச் சிறிது சிறிதாக அகற்றியபோது வெளிப்பட்ட நிறங்கள் வேறாக இருந்தன. ஓவியத்தைக் காணும் ஒளியோ மற்றொரு சிக்கல். குகையின் வாயில் வழியே நுழைந்து தரையில் பட்டுத் தெறிக்கும் பகலொளியிலும் எண்ணெய் விளக்கிலும் வழிபட்ட துறவியர் கண்டது ஒன்று. பிற்காலத்தில் புகைப்படக் கலைஞர் பெனாய் பெல் மிக மங்கிய ஒளியிலேயே நீண்ட நேரம் திறந்துவைத்த கேமராவால் பதிவுசெய்து காட்டியது மற்றொன்று. முதற்குகையின் பத்மபாணி போதிசத்துவர் இந்தப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மேனியராகத் தோன்றுகிறார். இவற்றில் எது பொய்?

இந்தியத் தருக்க நூல்களில் பிழைக்காட்சிக்கு வழங்கும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்துகிறது. காமாலை நோயாளிக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தெரிகிறது. நியாயவாதி, வேறிடத்தில் உண்மையாக உள்ள மஞ்சளைச் சங்கின்மேல் ஏற்றிக் காண்பதே பிழை என்பார். இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் இதற்கு வேறு விளக்கம் தருகிறார்: கண்ணில் உள்ள பித்தம் விழிக்கதிர்களோடு கலந்து சென்று சங்கின்மேல் படர்வதால் அதன் வெண்மை மறைக்கப்பட்டு மஞ்சள் காணப்படுகிறது, ஆகவே அங்கே காணப்படும் மஞ்சளும் உள்பொருளே, இல்லாத ஒன்று தோன்றவில்லை. எல்லா அறிவும் உள்ளதையே பற்றும் என்ற அவருடைய கொள்கையின் ஒரு பகுதி இது. விழியிலிருந்து கதிர்கள் புறப்படுகின்றன என்ற பழைய ஒளியியலை இன்று எவரும் ஏற்பதில்லை என்றாலும், இந்த விளக்கத்தின் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு நிற மேலாண்மையின் அணுகுமுறையை ஒத்திருக்கிறது. பழைய திரையொன்றில் வெண்மை மஞ்சளாகத் தோன்றினால், அந்த மஞ்சளை மாயை என்று தள்ளுவதால் பயனில்லை. அது திரையின் நீல ஒளி வலுவிழந்ததால் வந்தது. அதற்கு இடமும் உண்டு, அளவும் உண்டு. அளந்துவிட்டால் ஈடுகட்டவும் முடியும்.

அந்த அளவீடு நடைபெறும் முறை இதுதான். கணினியில் ஒரு நிறம் சிவப்பு 200, பச்சை 60, நீலம் 40 என்பதுபோல் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. இந்த எண்கள் நிறத்தைக் குறிப்பவை என்று பலரும் கருதினாலும், உண்மையில் அவை கருவிக்கு இடப்படும் கட்டளைகள் மட்டுமே. எந்த அளவு ஒளி விடு என்று கட்டளையிட்டாலும் எந்தத் திரையின் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்பதை அவை சொல்வதில்லை. நாழியா, படியா, மரக்காலா என்று சொல்லாமல் நெல் எட்டு என்று மட்டும் எழுதிய கணக்கைப் போன்றவை அவை. இக்குறையைத் தீர்க்க, ஒவ்வொரு கருவியும் எந்தக் கட்டளைக்கு எந்த நிறத்தை உண்மையில் தருகிறது என்பதை அளந்து ஒரு கோப்பில் பதிவுசெய்கின்றனர். அதற்குப் புரொஃபைல் என்று பெயர். திரைக்கு முன் நிறமானியை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக நிறக்கட்டங்களைக் காட்டி அளப்பதும், அச்சு எந்திரத்தில் நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட அட்டவணையை அச்சிட்டு நிறமாலைமானியால் அளப்பதும் அதை உருவாக்கும் வழிகள். 1993இல் ஆப்பிள், அடோப், கோடாக், ஆக்ஃபா, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு, எல்லாக் கருவிகளும் படிக்கத்தக்க ஒரே வடிவத்தை இந்தக் கோப்புக்கு வகுத்தது. ஒரு கருவியின் எண் முதலில் அதன் புரொஃபைல் வழியாக எந்தக் கருவிக்கும் சொந்தமில்லாத பொது நிறவெளி ஒன்றிற்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து மறுகருவியின் புரொஃபைல் வழியாக அதற்குரிய எண்ணாக இறங்குகிறது. எண் மாறுகிறது, நிறம் நிற்கிறது. எண்ணை மாற்றாமல் வைத்திருப்பவர்தான் நிறத்தை இழக்கிறார்.

இராமானுசரின் பித்தம் இங்கே பெயரும் முகவரியும் பெறுகிறது: புரொஃபைல் என்பது ஒவ்வொரு கருவியும் தன் குறையைத் தானே எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம். சார்ந்ததன் வண்ணமாகவே ஆன்மா நிற்கும் என்று கூறும் சைவ சித்தாந்தம், அருகில் உள்ள பொருளின் நிறத்தை ஏற்றுக்காட்டும் பளிங்கை உவமையாகக் காட்டும்போதும், பளிங்கு தன்னைத் தானே அறிந்து அளந்துகொள்ள வல்லது என்று கூறவில்லை. அதற்கு அறிவிக்கும் ஒரு துணை வேண்டும் என்றே கூறுகிறது. கருவிக்கும் அவ்வாறே, தன் குறையை அறிவிக்கப் புறத்தே நின்று அளக்கும் மற்றொன்று தேவைப்படுகிறது.

ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான அந்த நிறவெளி எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால், விடை எதிர்பாராத இடத்திற்கு இட்டுச் செல்கிறது. அது நிற்பது 1931இல் பன்னாட்டு ஒளி ஆணையம் வரையறுத்த நியமக் காண்பவர் என்ற உருவத்தின்மேல். இங்கிலாந்தில் ரைட், கில்டு என்ற இருவர் 1920களின் பிற்பகுதியில் தனித்தனியே நடத்திய சோதனைகளில், முறையே பத்துப் பேரும் ஏழு பேரும் ஒரு சிறு வட்டத்தின் ஒரு பாதியில் தெரிந்த நிறத்திற்கு மறுபாதியில் மூன்று ஒளிகளைக் கலந்து இணை கண்டனர். அந்தப் பதினேழு பேரின் சராசரியே நியமக் காண்பவர். அப்படி ஒரு மனிதர் எங்கும் பிறந்ததில்லை. பதினேழு பேரில் ஒருவர்கூட அந்தச் சராசரியோடு முழுதும் ஒத்தவராக இருந்திருக்க வாய்ப்பில்லை. முதுமையில் கண்வில்லை மஞ்சளாகி நீல ஒளியைத் தடுக்கிறது. கண்புரையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்திய சில நாள்களுக்கு உலகமே நீலம் பாரித்துத் தெரிவதாகப் பலர் கூறுவது கண் மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் 1987இல் தொடங்கப்பட்டது. சென்னையில் எத்தனையோ தமிழ்ப் படங்களின் நிறத்தை நிர்ணயித்த திரைப்பட ஆய்வகத்தை நிறுவியவரும் அந்தப் பெயருக்குரியவரே. நிறத்தைத் திரையில் ஒழுங்குபடுத்தும் கூடத்திற்கும் நிறம் காணும் கண்ணைச் செப்பம் செய்யும் மருத்துவமனைக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பது, இரண்டும் ஒரே சிக்கலின் இரு முனைகள் என்பதை நினைவூட்டுகிறது.

காண்பவர் கற்பனையானவர் என்றால், அவரைக் கொண்டு எழுப்பிய நிறமும் கற்பனைதானே, பிறகு எந்த நகலையும் சரி என்றோ தவறு என்றோ சொல்வது எப்படி? இந்த எதிர்ப்பை மாத்தியமிகப் பௌத்தம் முன்பே சந்தித்திருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், இன்று நாகார்ஜுன சாகர் நீர்த்தேக்கம் சூழ்ந்திருக்கும் நாகார்ஜுனகொண்டாவோடு மரபு இணைத்துப் பேசும் நாகார்ஜுனர், எல்லாப் பொருள்களும் காரணங்களையும் சார்புகளையும் பற்றியே தோன்றுவதால் எதற்கும் தனக்கென்று ஒரு தன்னியல்பு இல்லை என்றார். இந்தத் தன்னியல்பின்மையே சூனியம். அதே வேளையில், உலக வழக்கைச் சார்ந்த உண்மை என்றும் முடிவான உண்மை என்றும் இரண்டைப் பிரித்து, முன்னதைப் பற்றிக்கொள்ளாமல் பின்னதைக் கற்பிக்க இயலாது என்றும் வலியுறுத்தினார். 7ஆம் நூற்றாண்டில் அவர் வழிவந்த சந்திரகீர்த்தி இன்னும் நுட்பமாக, உலக வழக்கின் உள்ளேயே இரண்டு தரங்களை வேறுபடுத்தினார். குறையற்ற புலன்களால் அறியப்படுவது உலக வழக்கில் மெய். கண்நோய் கொண்டவருக்குத் தோன்றும் மயிரிழைகள் போன்றவை உலக வழக்கிலேயே பொய். முடிவான நோக்கில் இரண்டிற்கும் தன்னியல்பு இல்லை என்பதால் இரண்டும் சமம் என்று ஆகிவிடாது.

நிற மேலாண்மை நிற்கும் தரை இதுவே. இத்துறை நிறத்தைத் திரவியத்தோடு பிரியாமல் நிற்கும் குணமாக ஏற்பதில்லை. அவ்வாறு ஏற்றிருந்தால் நீலக்கல்லின் நீலத்தை வேறு மையால் காட்ட முனைவதே பொருளற்றதாகிவிடும். நிறம் அவரவர் உள்ளத்தின் தோற்றம் என்றும் அது விட்டுவிடுவதில்லை. விட்டிருந்தால் அளப்பதற்கு எதுவும் இருந்திராது. மேற்பரப்பு, ஒளி, காண்பவர் என்ற மூன்றின் சார்பில் பிறப்பது நிறம் என்று கொண்டு, அந்த மூன்றையும் வெளிப்படையாகக் கூறிய பின்னர் சரியையும் தவறையும் அது கறாராகத் தீர்க்கிறது. இரு நிறங்களின் வேறுபாட்டை டெல்டா ஈ என்ற எண்ணால் அளக்கின்றனர். ஏறத்தாழ ஒன்று என்ற அளவு, பழகிய கண் அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே உணரக்கூடிய வேறுபாடு. சார்ந்து பிறப்பது என்பதாலேயே ஒன்று தளர்வானதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்றாட வாழ்வில் கிடைப்பது அரிது. நியமக் காண்பவரை 1964இல் அகன்ற பார்வைப் புலத்திற்கு ஏற்பத் திருத்தி அமைத்ததும், பின்னர் 2006இல் வயதுக்கேற்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொள்ளும் முறையை வகுத்ததும், அந்த ஒப்பந்தம் தன்னை ஒப்பந்தம் என்று அறிந்தே இயங்குவதைக் காட்டுகின்றன.

1962இல் பருச்சூரி ஹனுமந்த ராவ் ஹைதராபாத்தில் தொடங்கிய பிரகதி அச்சகம் போன்ற இடங்களில் அச்சாகும் ஓவிய நூல்களின் பக்கம் ஒன்றைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அன்னம்பட்டரின் ஏழாவது நிறமாகிய சித்திரம் பற்றிய வாதம் புத்துயிர் பெறுகிறது. பல நிற நூல்களால் நெய்த துணிக்கு என்ன நிறம் என்று கேட்ட நியாயவாதிகள், துணி என்ற முழுப்பொருள் நூல்களிலிருந்து வேறானது என்றும், அது கண்ணுக்குத் தெரிவதால் அதற்கென்று ஒரு நிறம் இருந்தாக வேண்டும் என்றும் கொண்டு, அந்த ஒற்றை நிறத்திற்குச் சித்திரம் என்று பெயரிட்டனர். பௌத்தரோ முழுப்பொருள் என்று ஒன்று இல்லை என்று மறுத்தனர். அச்சுப்பக்கத்தில் போதிசத்துவரின் கன்னத்தில் தெரியும் பழுப்பு, பூதக்கண்ணாடியின் கீழ் மறைந்துவிடுகிறது. அங்கே இருப்பவை சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் நுண்புள்ளிகள். ஒவ்வொரு மையின் புள்ளிகளும் வேறு வேறு கோணத்தில் வரிசையாக நின்று சிறு ரோசாப்பூ வடிவங்களை உண்டாக்குகின்றன. இடையிடையே தாளின் வெண்மை எட்டிப்பார்க்கிறது. பழுப்பு மை ஒரு துளியும் இல்லை. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கை நீளத்தில் பிடித்தால் பழுப்பு மீண்டும் வந்துவிடுகிறது. புள்ளி சற்றே பெருத்தாலும், அச்சகத்தார் டாட் கெயின் என்று அழைக்கும் அந்த வீக்கத்தால் கன்னம் கறுத்துவிடும் என்பதால், தாளின் ஓரத்தில் நிறப்பட்டை ஒன்றை அச்சிட்டு அதை அளந்துகொண்டே எந்திரத்தை ஓட்டுகின்றனர். நியாயவாதியும் பௌத்தரும் இதைக் கண்டிருந்தால் இருவரும் தம் பக்கமே வென்றதாகக் கருதியிருப்பர். எனினும் பார்க்கும் தொலைவைக் குறிப்பிடாமல் இருவராலும் தம் முடிவைக் கூற முடியாது என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

நீலக்கல்லின் நீலம் வேறு வகைத் தொல்லை தருவது. அதன் ஆழத்தை நான்கு மைகளின் நிற எல்லைக்குள் எட்ட முடியாது. அப்போது இரண்டு வழிகள் உள்ளன. எட்டக்கூடிய நிறங்களை அப்படியே வைத்துக்கொண்டு எட்டாத நீலத்தை மட்டும் எல்லையின் விளிம்பில் நிறுத்துவது ஒன்று; நீலத்திற்கு இடம் கொடுப்பதற்காகப் படத்தின் எல்லா நிறங்களையும் சிறிது சுருக்கி, அவற்றினிடையே உள்ள உறவைக் காப்பது மற்றொன்று. முன்னதில் தனித்தனி நிறங்கள் உண்மையாக நிற்கின்றன, ஆனால் நீல ஆடையின் மடிப்புகளுக்கிடையே இருந்த நுண்ணிய வேறுபாடுகள் ஒரே தட்டையாகிவிடுகின்றன. பின்னதில் ஒரு நிறமும் தன் இடத்தில் இல்லை, ஆனால் ஓவியம் ஓவியமாக நிற்கிறது. சுவரோவியத்தின் உயிர் நிறங்களின் உறவிலேயே இருப்பதால், அஜந்தாவைப் பொறுத்தவரை பின்னதே சரியான தேர்வு; ஆய்வுக்காகக் குறிப்பிட்ட நிறமி ஒன்றை அடையாளம் காட்ட வேண்டிய இடத்தில் முன்னதே சரி. எந்த வழி தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைக் கூறாமல் விடுவதுதான் இரண்டிலும் பிழை. மேலும், ஓர் ஒளியில் ஒன்றுபோலத் தோன்றும் இரு பரப்புகள் மற்றோர் ஒளியில் வேறுபட்டுத் தோன்றக் கூடும். காரணம், அவை ஒளியின் அலைநீளங்களைத் திருப்பியனுப்பும் விதம் வேறாக இருந்தும் கண்ணின் மூன்று வகைக் கூம்பு உயிரணுக்களுக்குக் கிடைக்கும் மொத்தம் மட்டும் ஒத்திருப்பதே. அச்சகத்தின் நியம ஒளியில் சுவரோடு ஒத்துப்போன நீலம், எண்ணெய் விளக்கின் அடியில் சுவரை விட்டு விலகிப் போகலாம். ஒப்புமைகூடச் சார்பில் பிறப்பதே.

திரைப்படத்துறையிலும் இதே கதைதான். ஹைதராபாத்தின் பஞ்சாரா ஹில்ஸிலும் அதைச் சுற்றியும் உள்ள கூடங்களில் நிறம் தீர்ப்பவர், திரையரங்கிற்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, கைப்பேசிக்கு ஒன்று எனத் தனித்தனி நியமங்களுக்குப் படத்தை மாற்றித் தருகிறார். ஆனால் பார்ப்பவர் கையில் உள்ள திரை எந்த நியமத்திற்கும் கட்டுப்படாமல் இருக்கக்கூடும் என்பதால், அவருடைய பொறுப்பு ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது. அந்த எல்லையை ஏற்றுக்கொள்வதில் இழிவில்லை.

அஜந்தாவின் பல்வேறு பத்மபாணிகளில் எது பொய் என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம். மஞ்சளித்த அரக்குப் பூச்சோடு கூடிய சுவரைக் காட்டிய மறுபதிப்பு பொய்யன்று. மங்கிய ஒளியில் எடுத்த படமும் பொய்யன்று. அவை தத்தம் நிபந்தனைகளுக்கு உண்மையானவை. தன் ஒளியையும் நாளையும் கருவியையும் மறைத்துக்கொண்டு, இதுவே அஜந்தா என்று முன்வந்து நிற்கும் படம்தான், அதன் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், சந்திரகீர்த்தி கூறிய பொருளில் உலக வழக்கிலேயே பொய்யானது. யஸ்தானியின் மறுபதிப்புப் படங்கள் இன்று எண்மப் படிகளாகப் பரவுகின்றன. அவற்றில் பல, எந்த வருடியில் எந்தப் புரொஃபைலோடு எடுக்கப்பட்டவை என்ற குறிப்பின்றியே கைமாறுகின்றன. பழைய தாளின் மஞ்சளும் வருடியின் சாய்வும் பார்ப்பவர் திரையின் குறையும் ஒன்றோடொன்று கலந்து, 5ஆம் நூற்றாண்டு ஓவியனின் கைவண்ணமாக எண்ணப்படுகின்றன. ஹைதராபாத் அருங்காட்சியகத்தில் உள்ள சையது அகமதுவின் பிரதிகளையும், நான்கு பகுதி மறுபதிப்பையும், குகைச் சுவர்களையும் பதிவுசெய்யும் நிறுவனங்கள், ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அளவறிந்த நிற அட்டை ஒன்றைச் சேர்த்துப் படமெடுத்து, ஒளியின் வகை, நாள், கருவி, புரொஃபைல், நிறமாற்றத்திற்குக் கைக்கொண்ட வழி ஆகியவற்றைப் படத்தோடு பிரிக்க முடியாதபடி இணைத்து வெளியிட வேண்டும். அதற்கான கருவிகள் எல்லாம் இந்த நகரத்து அச்சகங்களிலும் திரைக்கூடங்களிலும் ஏற்கெனவே உள்ளன.